ஈய முத்திரை

பானெட்டின் கைப்பிடியையும் முன்பக்கக் கிராதியையும் சேர்த்து ஒரு மெல்லிய கம்பியைக் கோத்து, அதன் இரண்டு முனைகளையும் ஈய வில்லைக்குள் நுழைத்து, இடுக்கியால் நசுக்கினார் சங்கத்தின் செயலாளர். மணி இரண்டு பத்து. கம்பியை ஒரு தடவை சுண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுக்குப் போனதும் சீலோட ஒரு போட்டோ, கிலோமீட்டர் காட்டுற மீட்டரோட ஒரு போட்டோ. எட்டு மணிக்குள்ள குரூப்புல வந்துடணும். வந்தாத்தான் ஜெயிச்சவங்க பலகையில பேரு."

"வந்துடும் சார்," என்றான் அண்ணன்.

"போன வருஷம் ஜெயிச்சவரும் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கிட்டு சொன்னாரு. பாதி வழியில பானெட்டைத் திறந்துட்டாரு. இப்ப அவரு பேரு எங்கேயும் கிடையாது."

பழைய கார் வைத்திருக்கும் நாற்பது ஆண்கள் சேர்ந்த சங்கம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு மைதானத்தில் கூடி, ஒருவர் காரை இன்னொருவர் குனிந்து பார்த்து, முதுகுக்குப் பின்னால் குறை சொல்லிவிட்டுக் கலைவார்கள். கோப்பைகள் நிறைய உண்டு. அதில் பெரியது 'அசல்' கோப்பை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, ஒரு திருகாணி மாறாமல் அப்படியே இருக்கும் காருக்குக் கொடுப்பது. நடுவர் பார்க்கும்வரை பழைய பாகங்களைப் பூட்டி வைத்துவிட்டு, பரிசு வாங்கியதும் மரத்தடியில் நிறுத்திப் புதியதை மாட்டிக்கொண்டு போகிற கெட்டிக்காரர்கள் அதிகமானதால், ஐந்து வருஷத்துக்கு முன் செயலாளர் இந்த முத்திரையைக் கொண்டுவந்தார். அசல் என்றால் அசலாகவே வீடு போய்ச் சேர வேண்டும்.

அண்ணனும் அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவன்தான். அவனுடைய பச்சை நிறக் கார் எங்கள் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தது. அதன் பழைய பியூயல் பம்ப் என்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் அதற்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். வண்டி நின்றுவிடும். அது ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதனால் அண்ணன் நான்கு வருஷமாக ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்பைச் சூடு படாமல் மட்கார்டின் உட்புறம் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் அதைக் கழற்றி, பழைய பனியனில் சுற்றி டிக்கியில் போட்டுவிட்டு, பழைய பம்பைத் திரும்ப மாட்டினான். திருகாணித் துளைகளை அடைத்துப் பச்சைப் பெயின்ட் தொட்டு வைத்தான். ஆறுதல் பரிசு கிடைத்தால் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவர் டார்ச்சும் கண்ணாடியும் வைத்து நாற்பது நிமிஷம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கோப்பையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கோப்பை இப்போது பின் இருக்கையில், வாண்டுவின் மடியில் இருந்தது. வாண்டு அண்ணனின் மகள். ஒன்பது வயது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை அவள் அண்ணனோடு இருக்கலாம். விவாகரத்து ஆனபோது கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது அது. அண்ணன் இரண்டு தடவை தாமதமாகக் கொண்டுபோய் விட்டிருந்தான். ஒரு தடவை நாற்பது நிமிஷம், ஒரு தடவை ஒரு மணி பத்து நிமிஷம். இரண்டுக்கும் காரணம் இந்தப் பச்சைதான். நடுவில் ஒரு தடவை வாண்டு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தாள், ஆனால் அண்ணன் கூட வரவில்லை. நான்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அண்ணி திரும்பக் கோர்ட்டுக்குப் போனார். தகப்பன் தன் கையால், ஆறு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். இன்னும் ஒரு முறை தவறினால் வீட்டுக்குக் கூட்டிப் போவது ரத்து. அதன் பிறகு குழந்தைகள் மையத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில், இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நீதிபதி எழுதிவிட்டார். அந்தத் தாளின் நகல் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. அண்ணன் அதை இன்சூரன்ஸ் தாளோடு சேர்த்து வைத்திருந்தான்.

நான் எதற்கு வந்தேன் என்றால், தள்ளுவதற்கு. பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து காலை ஒன்பது மணிக்கு வெளியே வந்தவனை வாசலிலேயே ஏற்றிக்கொண்டான். மூன்றாம் வருஷத்தில் படிப்பை விட்டவன் தள்ளவாவது உதவட்டும் என்பது எங்கள் வீட்டின் பொதுவான அபிப்பிராயம்.

"நூத்திப் பத்து கிலோமீட்டர்," என்றான் அண்ணன், மைதானத்தின் வாசலைத் தாண்டும்போது. "அடிச்சு ஓட்டாம போனாலே நாலே முக்காலுக்கு அவங்க வாசல்ல நிப்போம்."

"பம்ப் தாங்குமா?"

"காலையில தாங்குச்சே."

"காலையில மேகம் மூடியிருந்துச்சுண்ணா."

"வாயை வைக்காதடா."

வாண்டு பின்னாலிருந்து கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "சித்தப்பா, நான் ராணுவம்," என்றாள்.

முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு மேடு. பாதி மேட்டில் என்ஜின் இரண்டு முறை இருமியது. அண்ணன் கியரைக் குறைத்தான். மூன்றாவது இருமலோடு சத்தம் நின்றது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியதும் நான் இறங்கி ஓடிப்போய் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

அண்ணன் இறங்கி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சுட்டதும் எடுத்தான். பிறகு டிக்கியைத் திறந்து ஒரு பழைய துண்டையும் தண்ணீர்க் கேனையும் எடுத்து, துண்டை நனைத்து, பானெட்டின் மேல் விரித்தான். உள்ளே பம்ப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே. காய்ச்சல்காரனின் சட்டைக்கு மேல் பற்றுப் போடுவதுபோல் இருந்தது.

"உள்ள சுடுறதுக்கு வெளிய துணி போட்டா எப்படிண்ணா?"

"கொஞ்சமாவது இறங்கும்."

"கம்பியை வெட்டு. அந்தப் பம்பை எடுத்து மாட்டு. பத்து நிமிஷ வேலை."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புரியாத பாஷையில் பேசுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷமாக அதே கம்பெனி. லிஃப்ட் வேகமெடுத்துக் கீழே போகாமல் பிடிக்கிற ஒரு சக்கரம் மேலே இருக்கும். அதற்கும் இதே மாதிரி கம்பி, இதே மாதிரி ஈயம். அதை அறுத்தவனுக்கு அடுத்த நாள் வேலை கிடையாது. உள்ளே பத்துப் பேர் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினாலும் அதில் கை வைக்கக் கூடாது. ஆய்வாளர் வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவன் கற்றுக்கொண்டது அதுதான். வேறு எதையும் அவன் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

வாண்டு சாலையோரப் புல்லில் உட்கார்ந்து, எறும்பு வரிசைக்குக் குறுக்கே கோப்பையின் மூடியை வைத்து வேடிக்கை பார்த்தாள். "அப்பா, உன் கார் மயக்கம் போட்டுடுச்சா?"

"ஆமாடா கண்ணு. தண்ணி தெளிச்சிருக்கேன். இப்ப எழுந்துக்கும்."

மூன்று நாற்பதுக்கு எழுந்தது.

இரண்டாவது தடவை நின்றது ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில். மணி நான்கு பதினைந்து. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வந்திருந்தோம். முன்னால் ஒரு லாரி பின்பக்கமாக வந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அது நகரும்வரை ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டான் அண்ணன். அதுவே போதுமானதாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். நானும் பழக்கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து தள்ளி, ஒரு டூவீலர் பட்டறையின் முன் ஓரமாக நிறுத்தினோம்.

பட்டறைக்காரர் கையில் இருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட்டமும் சேர்ந்துவிட்டது. பழைய கார் நின்றால் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம்.

"அடடா. என்ன வண்டி! பெட்ரோல் கொதிக்குதா?"

"ஆமாங்க," என்றான் அண்ணன்.

"எங்க சித்தப்பாகிட்ட இருந்துச்சு இதே மாதிரி. பானெட்டைத் திறங்க, பைப்புல ஈரத்துணி சுத்துவோம், அஞ்சு நிமிஷம்."

"திறக்க முடியாதுங்க."

"ஏன், பூட்டு மாட்டிக்கிச்சா?"

அண்ணன் முத்திரையைக் காட்டினான். பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். கூட்டமும் குனிந்தது.

"என்னங்க இது, காரா ஓட்டுப் பெட்டியா?"

கூட்டம் சிரித்தது. ஒருவன், "எண்ணிக்கை எப்ப சார்?" என்றான். இன்னொருவன், "டெபாசிட் போச்சு, பாத்தாலே தெரியலையா," என்றான். வாண்டுவும் சிரித்தாள். அண்ணன் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினான்: சங்கம், அசல், பலகை. விளக்க விளக்க, கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பட்டறைக்காரர் மட்டும் கடைசிவரை கேட்டார்.

"சரிங்க. ஓடுறதுக்குத்தானே காரு? ஓடாத காரை அசல்னு சொல்லி பரிசு கொடுத்தா, நம்ம பட்டறையில பின்னாடி கிடக்குதே இருபது வண்டி, அத்தனைக்கும் பரிசு கொடுக்கணும்." அண்ணன் துண்டை மறுபடி நனைத்து பானெட்டின் மேல் போட்டான். "பாப்பாவை வெயில்ல வச்சிருக்காதீங்க, உள்ள ஸ்டூல் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குப் போனார்.

அண்ணனைக் காருக்குப் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

"அண்ணா, கேளு. நாலு இருபத்தஞ்சு. இன்னும் அம்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கு. அந்த முக்குல பஸ் ஸ்டாண்டு. விசாரிச்சுட்டேன். நாலு அம்பதுக்கு ஒரு பஸ். அஞ்சே முக்காலுக்கு ஊர்ல விட்டுடுவான். அங்கேருந்து அண்ணி வீடு நடக்குற தூரம். நீ வாண்டுவைக் கூட்டிட்டுப் போ. நான் இங்கேயே காருக்குக் காவல் இருக்கேன். வண்டி ஆறினதும் நான் ஓட்டிட்டு வர்றேன்."

"நீ ஓட்டினா செல்லாது. ஜெயிச்சவன்தான் ஓட்டணும்."

"அப்ப வண்டி இங்கேயே நிக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்க."

"எட்டு மணிக்குள்ள போட்டோ."

"அப்ப கம்பியை வெட்டு."

"டேய், நாலு நாப்பதுக்கு ஸ்டார்ட் ஆயிடும்டா. போன தடவை நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, இது நிழல். அம்பத்தெட்டு கிலோமீட்டர்தானே. ஒரே மூச்சுல போயிடுவோம்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா பஸ்."

இதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் எனக்கும் பட்டது. நான் அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினாறு வருஷம் அடுத்தவர்கள் மேலே போகவும் கீழே வரவும் இருட்டுக் குழிக்குள் நின்றவன். கல்யாணம் தோற்றது. வாடகை வீடு. அவன் பேர் எழுதிய பலகை என்று உலகத்தில் எங்கேயும் ஒன்று கிடையாது. இருந்தாலும், அவனை நம்பி ஒருத்தி கூட வந்திருந்தாள்.

வாண்டு பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, "அப்பா, நான் வேணா வெட்டட்டுமா? நான் சின்னப் பொண்ணு. தெரியாம வெட்டிட்டேன்னு சொல்லிடலாம்," என்றாள்.

அண்ணன் அவள் தலையைத் தடவினான். "தப்பு கண்ணு. பொய் சொல்லக் கூடாது."

டிக்கிக்குள் பனியனில் சுற்றிய பம்பை வைத்துக்கொண்டு அவன் அதைச் சொன்னான். அந்த நேரம் அவன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

நான்கு நாற்பதுக்குச் சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. நான்கு நாற்பத்தாறுக்கு ஒரு தடவை பிடித்து, இரண்டு மூச்சு ஓடி, விட்டது. "வருது, வருது," என்றான். நான்கு ஐம்பதுக்கு பஸ் முக்கைத் திரும்பி எங்களைக் கடந்து போனது. பாதி இருக்கைகள் காலி. வாண்டு ஜன்னலில் இருந்த யாருக்கோ கை காட்டினாள். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. ஐந்து மணிக்கு என்ஜின் பிடித்தது.

"சொன்னேன்ல?" என்றான்.

அடுத்த அரை மணி நேரம் அண்ணன் முன்கண்ணாடியை ஒட்டிக் குனிந்து ஓட்டினான். மேடு வரும்போதெல்லாம் தன் உடம்பை முன்னால் தள்ளினான், அது வண்டிக்கு உதவும் என்பதுபோல். என்னையும் அறியாமல் நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன். கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றையும் வாண்டு சத்தமாகப் படித்தாள். நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. முப்பத்து மூன்றைப் படித்தபோது மணி ஐந்து முப்பது. சத்தம் நின்றது.

இருபக்கமும் காலி மனைகள். நடப்பட்ட கற்கள், முள்வேலி, ஒரு விளம்பரத் தட்டி. கடை இல்லை, நிழல் இல்லை, பஸ் நிற்கும் இடம் இல்லை. நான் போனில் டாக்ஸி தேடினேன். ஒருவன் இருபத்திரண்டு நிமிஷத்தில் வருவதாகக் காட்டியது. இரண்டு நிமிஷம் கழித்து அவனே ரத்து செய்தான். அடுத்தவன் அழைத்து, "அந்தப் பக்கம் திரும்பி வர சவாரி கிடைக்காது சார்," என்று வைத்தான். கை காட்டினேன். இரண்டு கார்கள் வேகம் குறைத்து, பச்சையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயின.

அண்ணிக்கு அழைத்தேன். அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். நான் கேட்கவில்லை.

"அண்ணி, வண்டி நின்னுடுச்சு."

"எந்த வண்டி?"

நான் பச்சையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த வண்டியிலதான் அவளைக் கூட்டிட்டுப் போனாரா?"

"ஆமா அண்ணி."

"அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. நல்லா இருக்கா."

"எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?"

"முப்பத்து மூணு கிலோமீட்டர்."

"நான் கிளம்பி வந்தாலும் ஆறு தாண்டிடும் தம்பி. ஆறு மணிக்கு நான் வாசல்ல நிப்பேன். அவ்வளவுதான் என்னால முடியும்." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி ஒருபோதும் திட்டியது கிடையாது. எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்வார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அண்ணன் கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. ஐந்து நாற்பத்தைந்து. அவன் கம்பியை வெட்டினான். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கம்பியோடு ஈய வில்லை மண்ணில் விழுந்தது. பானெட்டைத் தூக்கினான். அனல் முகத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். சட்டையைக் கழற்றிக் கைக்குச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற குழாயைக் கழற்றினான். எலெக்ட்ரிக் பம்பைத் துளைக்கு நேராகப் பிடித்து, பெயின்ட் அடைப்பைத் திருப்புளியால் குத்தி எடுத்து, இரண்டு திருகாணிகளை முடுக்கினான். குழாயை மாற்றிச் செருகினான். ஒயர் இரண்டு. வலது கை விரலில் தோல் வெந்து வெளுத்திருந்தது; கவனிக்கவே இல்லை. ஒரு அசைவு வீண் போகவில்லை. சரியாகப் பன்னிரண்டு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் இப்போதும் இரவு ஷிஃப்டில் பெல்ட்டின் மேல் பார்சல்கள் வராத நேரங்களில் யோசிக்கிறேன். மேட்டில் செலவழித்திருக்கலாம். கடைத்தெருவில் செலவழித்திருக்கலாம். இதில் இன்னொரு விஷயம் உண்டு. கிடங்கில் அட்டைப் பெட்டியின் பட்டைகளை அறுக்க எங்களுக்கு ஒரு சின்ன கட்டர் கொடுப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்ததால் அது அன்று முழுக்க என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. அந்தக் கம்பிக்கு அது போதும். கடைத்தெருவில் அண்ணன் குனிந்து ஸ்டார்ட்டரோடு மல்லுக்கட்டியபோது நான் இரண்டு அடி நடந்து அதை அறுத்திருக்கலாம். அவன் என்னை அடித்திருப்பான். கோப்பை போயிருக்கும். ஆறு மாதம் பேசியிருக்க மாட்டான். ஆனால் அவள் ஆறு மணிக்குள் வீட்டில் இருந்திருப்பாள். நான் செய்யவில்லை. யோசனை சொல்லிவிட்டு, அது தோற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழக்கம். நான் சொன்னது சரி என்று ஆவதில் எனக்கு ஒரு ருசி இருந்திருக்கிறது. வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

ஐந்து ஐம்பத்தேழுக்கு சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே பிடித்தது. அதற்கப்புறம் பச்சை ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அப்படி ஒரு ஓட்டத்தை நான் அந்தக் காரில் பார்த்ததில்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. எண்ணெய் தடவிய மாதிரி போனது. கேவலமாக இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். மூன்றாவது சிக்னலில் வாண்டு, "அப்பா, ஆறு மணி ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அண்ணன், "இல்ல கண்ணு," என்றான். அவள் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தாள். அவனைத் திருத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு நாற்பத்தெட்டுக்கு அண்ணி வீட்டு வாசலில் நின்றோம். சொன்னபடியே அவர் வாசலில் நின்றிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. அண்ணன் சட்டையில்லாமல், பனியனோடு, கரி படிந்த கையோடு இறங்கினான்.

"பம்ப் சூடாயிடுச்சு," என்றான்.

"சரி," என்றார் அண்ணி.

"கடைசியில நான் வெட்டிட்டேன். கோப்பையே வேண்டாம்னு வெட்டிட்டேன்."

எதை வெட்டினான் என்று அண்ணிக்கு எப்படித் தெரியும்? கேட்கவும் இல்லை. வாண்டுவின் பையை வாங்கிக்கொண்டார். அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். போனை எடுத்து நேரம் தெரிகிறமாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதில் கார் இருந்தது, அண்ணன் இருந்தான், கதவோரமாக நானும் இருந்திருப்பேன். "கை வெந்திருக்கு, தண்ணியில காட்டுங்க," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். வாண்டு படியில் நின்று திரும்பி, "டாட்டாப்பா. டாட்டா சித்தப்பா," என்றாள். கதவு சாத்தப்பட்டது.

மூன்று வாரத்தில் கோர்ட்டிலிருந்து தாள் வந்தது. எதிர்த்துச் சொல்ல அண்ணனிடம் எதுவும் இல்லை. வக்கீல், "என்ன காரணம்னு எழுதட்டும்?" என்று கேட்டார். இவன் சங்கம், ஈயம், அசல் என்று ஆரம்பித்தான். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வாகனக் கோளாறுன்னு போட்டுடலாம்," என்றார். "அது ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டாச்சுங்களே," என்று குமாஸ்தா நினைவூட்டினார்.

குழந்தைகள் மையம் ஒரு அரசு அலுவலகத்தின் முதல் மாடியில் இருந்தது. அண்ணன் பஸ்ஸில் வந்தான். நான் அவனோடு போனேன்; தள்ள எதுவும் இல்லை, சும்மாதான். அறையில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், சின்னவர்களுக்கு உயரம் குறைந்த ஒரு மேஜை, சுவரில் ஒட்டிய விலங்குப் படங்கள். பாதிப் படங்கள் உரிந்திருந்தன. ஒரு மூலையில் கண்காணிப்பாளர் அம்மா பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தார். அறைக்குள் தகப்பன் மட்டும்தான். நான் தாழ்வாரத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பேச்சு நன்றாகவே கேட்டது.

பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு என்றாள். டீச்சர் திட்டுகிறாரா என்றான். இல்லை என்றாள். சாப்பாடு, தோழிகள், கணக்குப் பாடம். இருபது நிமிஷத்தில் அவனிடம் இருந்த கேள்விகள் தீர்ந்தன. இத்தனை வருஷமும் அவர்கள் இருவரும் ஏதோ ஒன்றின் முன்னால் நின்றோ, அதற்குள் உட்கார்ந்தோதான் பேசியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாண்டு மேஜையில் இருந்த படப் புத்தகத்தை எடுத்து வண்ணம் தீட்டினாள். அண்ணன் அவளுக்கு எதிரே, முழங்கால் மேஜையில் இடிக்க, அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பென்சில்களைச் சீவிச் சீவி அவள் பக்கம் அடுக்கினான். எல்லாப் பென்சிலும் கூராகிவிட்டது. மறுபடியும் முதல் பென்சிலிலிருந்து தொடங்கினான்.

ஒரு மணி இருபது நிமிஷம் ஆனபோது அவள் படத்தை முடித்தாள். அதை ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். கண்காணிப்பாளர் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, எங்க அம்மா கீழதான் இருக்காங்க. முடிஞ்சிடுச்சுன்னா போகலாமா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். "இன்னும் நாப்பது நிமிஷம் உங்களுக்கு இருக்குங்க. நீங்க சொன்னா அவளை இருக்கச் சொல்றேன்."

"போகட்டும்," என்றான் அண்ணன்.

அவள் என்னைத் தாண்டி ஓடினாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் கீழே இறங்கிக் குறைந்தது. அண்ணன் எழுந்து வருவான் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"அந்த நாப்பது நிமிஷம் நான் இங்க இருந்துட்டுப் போலாங்களா?" என்று கேட்டான்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. "இருங்க," என்று சொல்லிவிட்டுப் பின்னலை மடியில் எடுத்துக்கொண்டார்.